கூடாரத்தில் நள்ளிரவு இரண்டு மணி

போன மாதம் இமயமலையின் கேதார்கந்தா சிகரப் பயணத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, “இரவில் இரண்டு முறை எழுந்து வெளியே போனேன்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஷூ, தோள்பை, குளிராடை என்று நான் மாய்ந்து மாய்ந்து எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்தான். இருபத்தொன்பது ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். “டீச்சர், ஒன்றுக்கு” என்று விரலைக் காட்டி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தே காலம் போனது. எனக்கு இதில் கூச்சம் கிடையாது.

கோயம்புத்தூர் வாசகி: டிசம்பரில் மகளுடன் கேதார்கந்தா போகிறேன். வயது 52. வீட்டிலேயே இரவில் ஒருமுறை எழுந்துகொள்வேன். பனியில், இருட்டில் கூடாரத்தை விட்டு வெளியே போவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சரிதானே டீச்சர்?

சரியில்லை, அம்மா. என் முதல் பயணத்தில் நானும் இதையேதான் செய்தேன். அப்போது எனக்கு 47 வயது. சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறி, ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே முதல் இரவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரைத் தொடவில்லை. சூப் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். தேநீர் கொடுத்தார்கள், பக்கத்தில் இருந்தவருக்குத் தள்ளிவிட்டேன். இவ்வளவு வைராக்கியத்துக்குப் பிறகும் இரவு ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. போகலாமா, விடியட்டுமா என்று ஸ்லீப்பிங் பேக்குக்குள் புரண்டு புரண்டு ஐந்து மணி வரை ஓட்டினேன். ஒரு பொட்டுத் தூக்கமில்லை. காலையில் தலைவலி, நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டியாக வந்த பையன் கேட்ட முதல் கேள்வி, “இரவு எத்தனை முறை போனீர்கள், அம்மா?” என்பது. எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, மலையில் அது நலம் விசாரிப்பு. நன்றாகப் போகிறது என்றால் உடம்பு உயரத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. சரியாகப் போகவில்லை, கூடவே தலைவலியும் குமட்டலும் இருக்கிறது என்றால் அந்தப் பையன் உங்களை மேலே ஏற விடமாட்டான்.

தண்ணீர் குடிக்காமலே ஏன் வந்தது? மூன்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று சிறுநீரகம் நினைத்துக்கொண்டு வெளியேற்றத் தொடங்குகிறது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் நாம் வேகமாக மூச்சுவிடுகிறோம். கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. மூன்றாவது, பகலெல்லாம் நடந்ததில் காலில் இறங்கித் தேங்கிய நீர், நீங்கள் படுத்ததும் மேலே ஏறிவந்து சிறுநீரகத்தைத் தட்டுகிறது. ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் பெரிய தொல்லை. ஆக, நீங்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது வரும். குடிக்காவிட்டால் தலைவலியும் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் சேர்ந்து வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரத்தை மாற்றுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். எழுந்ததும் இரண்டு தம்ளர், நடக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை நாலு வாய், முகாமுக்கு வந்ததும் ஒரு தம்ளர். பகலிலேயே கணக்கை முடித்துவிட்டால் ஆறு மணிக்கு மேல் தாகம் தணிய மட்டும் குடித்தால் போதும். சூப்பைக் குடியுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தேநீரை விடுங்கள். மாலையில் முகாமுக்கு வந்தவுடன் தோள்பையின் மேல் காலைத் தூக்கி வைத்து அரைமணி நேரம் படுங்கள். காலில் தேங்கிய நீர் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கிவிடும். பலரும் இதைச் சொல்வதில்லை, எனக்கு இது மாத்திரை மாதிரி வேலை செய்கிறது. படுக்கும் முன் ஒருமுறை போய்வந்து, பல் தேய்த்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி போங்கள். வரவில்லை என்று தோன்றினாலும் போங்கள்.

இனி அந்த இரவு. இருட்டும் முன்பே ஓர் ஒத்திகை பாருங்கள். உங்கள் கூடாரத்திலிருந்து டாய்லெட் டென்ட் எத்தனை தப்படி, எந்தப் பக்கம், வழியில் எத்தனை கயிறுகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன என்று நடந்து எண்ணுங்கள். இரவில் மனிதரை விழவைப்பது பேயும் இல்லை, சிறுத்தையும் இல்லை, அந்தக் கயிறுதான். வாசல் ஜிப் பக்கம் நீங்கள் படுங்கள், மகள் உள்ளே படுக்கட்டும். ஹெட் டார்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்குங்கள். தலைமாட்டில் வைத்தால் கைக்கு அகப்படாது. ஜாக்கெட்டையும் குல்லாவையும் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் திணித்து வைத்தால், போடும்போது கதகதப்பாக இருக்கும். ஷூவை வெளியே விடாதீர்கள், காலையில் கல்லாகிவிடும். கயிறு தளர்த்திய நிலையில் வாசலுக்கு உட்புறம் இருக்கட்டும். விழிப்பு வந்தவுடன் எழுந்துவிடுங்கள். யோசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கம்தான் வீண். உண்மையில் முழு வேலையும் ஐந்து நிமிடம். அதற்கு அஞ்சி நான் மூன்றரை மணி நேரம் விழித்திருந்தேன்.

மகளை எழுப்புங்கள். பாவம் தூங்குகிறாள் என்று பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவளும் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள், நீங்கள் எழுப்பமாட்டீர்களா என்று.

திருநெல்வேலி வாசகர்: சிறுநீரை அடக்கி வைத்தால் அதைச் சூடாக வைத்திருக்க உடம்பு சக்தியைச் செலவழிக்கிறது, அதனால்தான் குளிர்கிறது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

இல்லை, தம்பி. உள்ளே இருக்கும் நீர் ஏற்கெனவே உடம்பின் சூட்டில்தான் இருக்கிறது. அதைச் சுமப்பதற்குத் தனியாக அடுப்பு எரிக்க வேண்டியதில்லை. ஆனால் போய்விட்டு வந்தால் குளிர் குறைந்தது போல் இருப்பது நிஜம். அடக்கிக்கொண்டு அசையாமல் விறைத்துக் கிடந்தவர் எழுந்து நாலு அடி நடந்து திரும்புகிறார், மனம் இளகுகிறது, உடனே தூங்கிவிடுகிறார். காரணம் தவறு, அறிவுரை சரி. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று எண்ணி வைத்திருக்கிறது. தும்மல், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் உண்டு அந்தப் பட்டியலில். இதுவும் உண்டு.

ஓசூர் வாசகர்: கூடாரத்துக்குள்ளேயே பாட்டிலில் போவது அநாகரிகம் என்று என் மனைவி சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாட்டிலைக் கொட்டி வழியவிடுவதுதான் அநாகரிகம். வெளியே பனிக்காற்று அடிக்கும்போது உயரமான மலைகளில் ஏறுகிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான். வாய் அகலமான, ஒரு லிட்டர் பிடிக்கிற பாட்டிலாக வாங்குங்கள். ஒரு தடவைக்கு அரை லிட்டர் சாதாரணமாக வரும். அரை லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு பாதியில் தவிப்பதைவிட வெளியே போய்விடலாம். குடிக்கிற பாட்டிலின் அதே வடிவத்தில் வாங்கவே வாங்காதீர்கள். என் கணவர் இரண்டையும் ஒரே கடையில், ஒரே நீல நிறத்தில், தள்ளுபடி விலைக்கு வாங்கினார். மேற்கொண்டு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அதன் பிறகு பாட்டிலின் கழுத்தில் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்று மாட்டினேன். இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரியும்.

முட்டி போட்டு நின்று பயன்படுத்துவதுதான் பாதுகாப்பு. படுத்தபடியே முயல்வதெல்லாம் அனுபவஸ்தர்களுக்கு. மூடியைத் திருகிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து ஒரு முறை சோதித்துவிட்டுப் படுங்கள். கடுங்குளிரில் பாட்டிலை வெளியே வைத்தால் விடிவதற்குள் உறைந்துவிடும், காலையில் கொட்டவும் முடியாது. மேலே ஒரு காலுறையை மாட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சூட்டுக்குச் சூடும் ஆச்சு என்பார்கள். உங்கள் மனைவியிடம் இந்தப் பகுதியை மட்டும் காட்டாதீர்கள்.

மதுரை வாசகி: ஆண்களுக்குப் பாட்டில் இருக்கிறது. எங்களுக்கு?

இதற்காகத்தான் சிலிகான் புனல் வந்திருக்கிறது. நின்றுகொண்டே போகலாம், அதைக் கொண்டு பாட்டிலிலும் பிடிக்கலாம். ஆனால் வாங்கிய கையோடு மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டுக் குளியலறையில் குறைந்தது பத்து முறையாவது பழகுங்கள். முதல் இரண்டு முறை காலெல்லாம் நனையும், அதற்காகத்தான் குளியலறை என்றேன். வேகமாக விட்டால் புனல் நிரம்பிப் பின்பக்கம் வழியும், நிதானம் தேவை. நின்றுகொண்டு போகவே மனம் ஒப்புக்கொள்ளவில்லை என்று என் தோழி ஒருத்தி மூன்று நாள் குளியலறையில் நின்றாள். நாற்பது வருடப் பழக்கத்தை மூளை சட்டென்று விட்டுவிடுமா?

எனக்குப் புனல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்துப் போவது ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. இறுக மூடும் மூடி, அகலமான வாய், எடையே இல்லை. கூடாரத்தின் வாசலுக்கும் வெளித்திரைக்கும் நடுவில் முழங்கால் அகலத்துக்கு ஓர் இடம் இருக்கும். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முடித்து, கையை மட்டும் வெளியே நீட்டித் தள்ளிக் கொட்டிவிடலாம். வாசலிலேயே கொட்டாதீர்கள், காலையில் அதில்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்.

வெளியே போவதானால், பாறையில் உட்காராதீர்கள், தெறிக்கும். சருகு அல்லது பைன் ஊசி விழுந்து கிடக்கும் மெத்தென்ற தரை உறிஞ்சிக்கொள்ளும். சரிவில் கீழ்நோக்கி முகம் வைத்து உட்கார்ந்தால் ஓடை முன்னால் ஓடும், மேல்நோக்கி உட்கார்ந்தால் உங்கள் ஷூவுக்கு வரும். இடுப்பில் பொத்தானும் பெல்ட்டும் வேண்டாம், இலாஸ்டிக் போதும். மரத்துப்போன விரல்களால் நாடா முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். துடைப்பதற்கு ஒரு சின்னக் கதர்த்துணி. பகலில் தோள்பைக்கு வெளியே வெயிலில் தொங்கவிட்டால் காய்ந்துவிடும். என்ன துணி என்று கேட்கிறவர்களிடம் கைக்குட்டை என்று சொல்லுங்கள். கடன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

திருச்சி வாசகர்: வயது 64. நண்பர்களுடன் மேற்கு வங்கத்தின் சந்தக்பூ மலைக்குப் போகலாம் என்று ஆசை. ப்ராஸ்டேட் வீக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றுக்கும் மாத்திரை எடுக்கிறேன். இரவில் மூன்று முறை போவேன். போகலாமா?

ஐயா, போகலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் விசில் ஊதியவள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, நீரை வெளியேற்றும் வகை. அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று கேளுங்கள். சர்க்கரைக்குத் தரும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகின்றன. மலையில் சரியாகச் சாப்பிடாமல், நீர் வற்றிய நிலையில் அதைத் தொடரலாமா என்று கட்டாயம் கேளுங்கள். சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் நாமே வாங்கிப் போடும் மாத்திரைகள் ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றால் அது அவசரம், விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்க டயாமாக்ஸ் கொடுப்பார்கள். அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். தடுப்புக்குப் பொதுவாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நான் மேலே சொன்ன பைகார்பனேட் வேலையை அது முடுக்கிவிடுகிறது, அதனால் சிறுநீர் இன்னும் கூடும். விரல் நுனிகள் மதமதக்கும். இரண்டாம் வேளையைப் படுக்கும்போது போடாமல் மாலையிலேயே போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மற்றபடி நல்ல இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். சந்தக்பூ 3,636 மீட்டர், ஆனால் அந்தப் பாதையில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. கூடாரமே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். மருந்துக்கடையில் நோயாளிகளுக்கு விற்கும் கைப்பிடி வைத்த யூரின் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள் முதல் நாள் கேலி செய்வார்கள். மூன்றாம் நாள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள்.

சென்னை வாசகி: ஒன்றுக்குச் சரி. நடுஇரவில் இரண்டுக்கு வந்தால்?

வரும். பழக்கமில்லாத தண்ணீர், நேரம் தவறிய சாப்பாடு, கை கழுவாத அலட்சியம். டாய்லெட் டென்ட் என்பது ஒரு குழி, அதைச் சுற்றி ஜிப் வைத்த உயரமான கூடாரம், பக்கத்தில் மண் குவியல், அவ்வளவுதான். முடித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வர வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான பிரச்சினை குழி இல்லை, தண்ணீர்தான். காகிதத்தால் நமக்கு மனம் ஆறாது. வாளித் தண்ணீரோ உறைந்து கிடக்கும். கால் லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் மூடியில் சூடான ஊசியால் நாலைந்து துளை போடுங்கள். துளையில்லாத மூடி ஒன்றும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, துளையில்லாத மூடியைப் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுத்தால் உறையாது. வேண்டியபோது மூடியை மாற்றி, கவிழ்த்து அமுக்கினால் பீச்சும், கால் லிட்டரே தாராளம். இமயமலையில் நான் கண்ட சுகங்களில் சூரிய உதயத்துக்கு அடுத்தபடி இதுதான்.

டாய்லெட் டென்ட் இல்லாத இடத்தில் நீங்களே குழி வெட்ட வேண்டும். ஓடை, குளம், பாதை, முகாம் எதிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, அதாவது நிதானமான எழுபது தப்படி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், 15 முதல் 20 சென்டிமீட்டர். மக்க வைக்கும் உயிர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அதனால் கிணறு தோண்ட வேண்டாம். இதை இரவு இரண்டு மணிக்குச் செய்ய முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே வெட்டி, ஒரு குச்சியை நட்டு வைத்துவிடுங்கள். ஈரத்துடைப்பான்கள் துணி மாதிரியானவை, மக்காது. அதையும் காகிதத்தையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். பனியில் புதைத்தால் புதைந்தது போலத்தான் இருக்கும், வெயில் வந்ததும் எல்லாம் மேலே வந்துவிடும். இதில் நான் கொஞ்சம் கடுமையானவள். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கவே தடை போட்டது நம்மைப் போன்றவர்களின் லட்சணத்தைப் பார்த்துத்தான். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் தங்கள் மலத்தைப் பையில் கட்டி அடிவார முகாமுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2024-இல் அந்தப் பகுதியின் உள்ளாட்சி விதி கொண்டுவந்தது. நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கும் பொடி போட்ட பைகள் அதற்கென்றே இருக்கின்றன.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டே இருங்கள். கட்டும் மாத்திரையை, காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போடாதீர்கள். கைக்குச் சானிடைசர் மட்டும் போதாது. வயிற்றைக் கெடுக்கும் சில வைரஸ்கள் அதற்குச் சாவதில்லை. ஒரு துண்டு சோப்பு எடுத்துப் போங்கள்.

தேனி வாசகர்: நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இரவில் வெளியே போக நேர்ந்தால் விலங்கு பயம் இல்லையா?

இருக்க வேண்டும். முதலில், அனுமதியில்லாமல் காட்டில் கூடாரம் போடாதீர்கள். நம் மாவட்டத்துக்காரருக்குக் குரங்கணியை நினைவுபடுத்தத் தேவையில்லை. 2018 மார்ச் காட்டுத்தீயை நாம் யாரும் மறக்கப்போவதில்லை. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது, பெரும்பாலும் அன்றே திரும்பிவிடலாம். ஆகவே இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

கேரளத்தின் அகஸ்தியர்கூடத்துக்குப் போனபோது எனக்கு எழுந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 முதல் பெண்களும் ஏறலாம் என்றானதும், அடுத்த வருடமே நானும் கிளம்பிவிட்டேன். அதிருமலை முகாமில் இரவு தங்கல், சுற்றிலும் யானைக் காடு. தனியாக வாசலைத் தாண்டாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் கற்றுக்கொண்ட வழக்கம் இது: கதவைத் திறந்ததும் இறங்கிவிடாமல் ஒரு நிமிடம் நின்று காது கொடுக்க வேண்டும். கிளை முறியும் சத்தம் கேட்டாலோ, மாட்டுத் தொழுவம் போல வாடை வந்தாலோ அப்படியே உள்ளே திரும்பிவிட வேண்டும். பிறகு டார்ச்சை அரைவட்டமாகச் சுழற்றிப் பார்த்து, இரண்டு பேராக, வெளிச்சம் காலடியில் விழும்படி நடக்க வேண்டும். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். மழைக்காலம் என்றால் அட்டை. உட்கார்ந்த இடத்தில் ஏறும், மேற்கொண்டு சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு, நம் சிறுநீரில் உள்ள உப்பு சில விலங்குகளுக்குத் தின்பண்டம். அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் மலையாடுகள் இந்த ருசிக்காக மனிதர்கள் பின்னாலேயே சுற்றப் பழகி, 2010-இல் ஒருவரை முட்டிக் கொன்றே விட்டது ஓர் ஆடு. 2018 முதல் 2020 வரை 300-க்கும் மேற்பட்ட ஆடுகளைப் பிடித்து ஹெலிகாப்டரில் ஏற்றி வேறு மலைக்கு அனுப்பினார்கள். கூடாரத்து ஓரத்திலேயே போகாதீர்கள் என்று சொல்வதற்கு நாற்றம் மட்டும் காரணமில்லை.

நாகர்கோவில் வாசகி: மாதவிடாய் நாள்களில்?

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நாப்கின் என்றால் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு ஊருக்கே கொண்டுவாருங்கள். எரிக்கவும் வேண்டாம், டாய்லெட் குழியில் போடவும் வேண்டாம். மாதவிடாய்க் கப் வசதிதான், ஆனால் சுத்தமான கை வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே பழகியிருக்கவும் வேண்டும்.

சேலம் வாசகி: ஒன்பது வயது மகன் பள்ளி முகாமில் ஏற்காட்டில் கூடாரத்தில் தங்கப் போகிறான். இன்னும் சில நாள்கள் படுக்கையை நனைத்துவிடுகிறான். அனுப்பவே பயமாக இருக்கிறது.

அனுப்புங்கள். இந்த வயதில் இப்படிப் பல பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் வீட்டில் மட்டுமில்லை. முகாமுக்கு வரும் ஆசிரியர் ஒருவரிடம் தனியாக, அவன் காதில் விழாமல் சொல்லிவிடுங்கள். நான் சாரணியர் முகாம்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன காலத்தில் இப்படி எழுதிக் கொடுத்த அம்மாக்கள் உண்டு. இரவு பதினொரு மணிக்குச் சுற்று வரும்போது அந்தப் பிள்ளையின் கால் கட்டைவிரலை மெல்ல ஆட்டுவேன். எழுந்து என் பின்னால் வரும், திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியாது. சில பிள்ளைகளுக்கே காலையில் நினைவிருக்காது. கட்டைவிரல் என்பது சும்மா சொல்லவில்லை. தோளைத் தொட்டால் அலறிவிடுவார்கள்.

உள்ளாடை மாதிரியே தெரியும் இழுத்துப்போடும் டயாபர்கள் பெரிய பிள்ளைகள் அளவிலும் கிடைக்கின்றன. கருநிறக் கால்சட்டை இரண்டு கூடுதலாக வையுங்கள். மருத்துவர் டெஸ்மோபிரஸின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை விழுங்கிய இரவில் அவன் தண்ணீர் நிறையக் குடிக்கக் கூடாது, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். இதையும் அந்த ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். முகாம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடும் பிள்ளைகள் தண்ணீரும் குளிர்பானமும் எவ்வளவு குடிக்கின்றன என்று யாருக்கும் கணக்கு இருக்காது.

புதுச்சேரி வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே டீச்சர், நீங்கள் அசடு வழிந்ததே இல்லையா?

இமாசலப் பிரதேசத்தின் ஹம்ப்டா கணவாய்ப் பயணத்தில், பாலு கா கேரா முகாமில். வரிசையாகப் பதினான்கு கூடாரங்கள், எல்லாம் ஒரே மஞ்சள். இரவு இரண்டு மணிக்குப் போய்விட்டுக் குளிரில் பல் கிடுகிடுக்கத் திரும்பினேன். போகும்போது எண்ணிய தப்படிகளைத் திரும்பும்போது எண்ண மறந்துவிட்டேன். ஜிப்பைத் திறந்தேன், உள்ளே புகுந்தேன், என் தோழி என் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்து, “தள்ளிப் படு” என்று முதுகில் ஓர் அடி வைத்தேன். மராத்தியில் ஓர் ஆண் குரல் ஏதோ கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல். இரண்டு டார்ச்சுகள் ஒரே நேரத்தில் என் முகத்தில் எரிந்தன. நான் சொன்ன ஒரே சொல் “சாரி”, அதையும் தமிழ்நாட்டு மாணவிகளை அதட்டும் குரலில் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு தெரியவந்தது.

அன்றிலிருந்து என் கூடாரத்து ஜிப்பில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவைக்கிறேன். மறுநாள் காலை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா இரண்டு தம்ளர் தேநீரோடு தேடிக்கொண்டு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, இன்று இரவும் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நடுவில் இடம் விட்டுப் படுக்கிறோம் என்றார்.